துடைக்காத எண்ணெய்

எண்ணெய் பிள்ளையின் நெற்றியில் வழிந்ததும் அம்மம்மா சேலைத் தலைப்பைத் தூக்கிவிட்டார்.

“துடைக்க வேணாம் அம்மா, இருக்கட்டும்” என்றார் ஃபாதர்.

மட்டக்களப்பு புளியந்தீவில் இன்று காலை அக்காவின் மகனுக்கு ஞானஸ்நானம். தண்ணீர் ஊற்றிய கையோடு உச்சியில் கிறிஸ்மா எண்ணெய் பூசினார். ஒலிவ எண்ணெயில் வாசனைத் தைலம் கலந்து, ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தையொட்டி ஆயர் (பிஷப்) புனிதப்படுத்துவது. கிறிஸ்து குருவாக, அதாவது பலி செலுத்துபவராக, இறைவாக்கினராக, அரசராக அபிஷேகம் பெற்றதுபோல இந்தப் பிள்ளையும் என்பதுதான் அப்போது சொல்லும் செபம்.

“அப்ப இவனும் குருவா மனே?” அம்மம்மா என் காதோடு கேட்டார்.

“ஓம் அம்மம்மா. நீங்களும்தான்.”

நம்பவில்லை.

ஆனால் பேதுருவின் முதல் கடிதம் விசுவாசிகள் எல்லோரையும்தான் அரச குருக்களின் கூட்டம் என்கிறது. எபிரேயர் கடிதத்தில் தலைமைக் குரு ஒருவரே, கிறிஸ்து. பலிப்பொருளும் அவரே. 1964இல், உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதைத் தெளிவாக எழுதியது: விசுவாசிகள் எல்லோருக்குமான பொதுக் குருத்துவமும் பட்டம் பெற்ற ஃபாதர்மாரின் திருப்பணிக் குருத்துவமும் தன்மையில் வேறு, ஆனால் இரண்டும் அந்த ஒருவரின் குருத்துவத்தில் பங்கு.

ஃபாதரின் உள்ளங்கைகளில் குருப்பட்டத்தன்று பூசியதும் இதே கிறிஸ்மாதான்.

விடிய நாலு மணிக்கு எழும்பி, இடியப்பம் அவித்து விற்று எங்களை வளர்த்தவர் அம்மம்மா. அந்த உரல் பிடித்த கையை இன்று அப்படிப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் பிள்ளையின் உச்சியை முகர்ந்துகொண்டே இருக்கிறார். தலை கழுவ யாரையும் விடவில்லை.