எம்ஜிபி ஸ்டியரிங்: காஸ்டரைக் குறைத்தது சுலபம், ஜாயின்ட்டை நேராக்கியதுதான் வேலை

மூன்றாவது முறை கழற்றி மாட்டியதில்தான் சரியாக வந்தது. 1972 குரோம் பம்பர் எம்ஜிபி ரோட்ஸ்டர் (பிரிட்டிஷ் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்), வலப்பக்க ஸ்டியரிங். முன்பக்கத்தில் காஸ்டரைக் குறைக்கும் வெட்ஜ் (ஆப்பு), கிங்பின்னுக்கு (சக்கரம் திரும்பும் செங்குத்து அச்சு) ரோலர் திரஸ்ட் பேரிங், கீழ் விஷ்போனுக்கு (சக்கரத்தைத் தாங்கும் கை) வி8 மாடலின் புஷ் என்று மூன்றையும் ஒரே மூச்சில் போட்டாயிற்று. நிற்கும் வண்டியில் ஸ்டியரிங் முன்னைவிட எவ்வளவோ இலகு. ஆனால் முதல் இரண்டு முறையும் ஒரு சுற்றுக்கு இரண்டு இடத்தில் பிடித்துப் பிடித்து விட்டது. இந்தப் பதிவு பெரும்பாலும் அந்தப் பிடிப்பைப் பற்றித்தான். மற்ற வேலையெல்லாம் மேனுவல் பார்த்தே செய்துவிடலாம்.

காஸ்டர் என்பது பக்கத்திலிருந்து பார்த்தால் கிங்பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம். எம்ஜிபியில் அது 7 பாகை; முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் கிங்பின் சாய்வு 8 பாகை. பழைய கிராஸ்-பிளை டயருக்கு அந்த 7 பொருந்தும். இப்போது எல்லாரும் ஓட்டுவது அகல ரேடியல். அதற்கு 5 பாகையே தாராளம். வெட்ஜ், கிராஸ்மெம்பருக்கும் (முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) சேஸிஸ் ரயிலுக்கும் நடுவில் ரப்பர் பேடோடு சேர்ந்து உட்காரும். தடித்த முனை முன்பக்கம் வரவேண்டும். மாற்றி வைத்தால் காஸ்டர் 9 ஆகிவிடும், ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும். 2 பாகைக்கு 100 மி.மீ. நீளத்தில் 3.5 மி.மீ. சரிவு இருக்கவேண்டும். கையில் கிடைக்கும் வெட்ஜை வெர்னியர் வைத்து அளந்துவிட்டே ஏற்றுங்கள். பொட்டலத்தின் மேல் போட்டிருக்கும் பாகையை நம்பவேண்டாம்.

கிட்டோடு வராத ஒன்று உண்டு. கிராஸ்மெம்பர் 2 பாகை சாய்ந்தால், கீழே நட் உட்காரும் முகமும் 2 பாகை சாயும். நட்டை அப்படியே முறுக்கினால் ஒரு பக்க விளிம்பில் மட்டும் அமரும், போல்ட் வளையும். நான்குக்கும் சரிவு வாஷர் கடைந்து போட்டாயிற்று. நைலாக் நட் புதிது. கழற்றியதைத் திரும்பப் போடக்கூடாது.

காஸ்டர் அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முன்சக்கரம் ஒவ்வொன்றின் கீழும் நடுவில் கிரீஸ் தடவிய இரண்டு அலுமினியத் தகடு வையுங்கள். சக்கரத்தை 20 பாகை உள்ளே, 20 பாகை வெளியே திருப்பி, இரண்டு நிலையிலும் டிஜிட்டல் கோணமானியை ரிம்மில் ஒட்டி கேம்பர் (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம்) எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 1.46-ஆல் பெருக்கினால் காஸ்டர். வெட்ஜுக்கு முன் வித்தியாசம் 4.7, அதாவது 6.9 பாகை. பின் 3.3, அதாவது 4.8. இடம் வலம் இரண்டிலும் அரை பாகைக்குள் ஒத்துவந்தது.

கிங்பின் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ரோலர் பேரிங், பழைய மிதக்கும் திரஸ்ட் வாஷர் இருந்த இடத்தில் வருகிறது. ஸ்விவல் ஆக்சிலின் (கிங்பின்னில் திரும்பி, சக்கரத்தைத் தாங்கும் பாகம்) மேல்-கீழ் ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் இருக்கவேண்டும், அதே நேரம் கையால் தள்ளினால் தடையில்லாமல் சுழலவும் வேண்டும். பழைய வாஷர்கள் 0.052 முதல் 0.063 அங்குலம் வரை மூன்று வரிசையில் வந்ததே இந்த ஆட்டத்தைப் பிடிக்கத்தான். ரோலர் கிட்டில் அந்த வசதி பெரும்பாலும் இருக்காது, ஷிம்மைத் தனியாகத் தேடவேண்டும். முதல் தடவை ஷிம் ஒன்று அதிகமாகி, கிங்பின் மேல்முனையின் டிரனியன் நட்டை இறுக்கியதும் இடப்பக்க ஸ்விவல் நகரவே இல்லை. 0.1 மி.மீ. ஷிம்மை எடுத்ததும் விட்டது. தூசி மறைக்கும் குழாயும் ஸ்பிரிங்கும் பேரிங்கை முழுதாக மூடுகிறதா என்றும் பாருங்கள். வெண்கல வாஷர் மண்ணைத் தாங்கும். ஊசி ரோலர் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

ஸ்விவலில் புஷ் அடித்தபின் ரீமர் (துளையைச் சரியான அளவுக்குக் கடையும் கருவி) போடுவது தனிக் கதை. மேல் கீழ் இரண்டு புஷ்ஷையும் ஒரே கோட்டில் கடையும் நீள ரீமர் இல்லாமல் இறங்கவே வேண்டாம். ரீமர் போட்டுத் தரும் பழுதுபார்த்த ஸ்விவல்களை, பழையதைக் கொடுத்து மாற்றாக வாங்கிவிடுவதுதான் லாபம். எம்ஜிபி 5 லட்சத்துக்கும் மேல் இங்கிலாந்தின் அபிங்டனில் உருவான வண்டி, உதிரிக்குப் பஞ்சமில்லை. தரத்துக்குத்தான் பஞ்சம். ஒரே மாதிரிப் பெட்டியில் வந்த இரண்டு டிராக் ராட் எண்டில் (ஸ்டியரிங் கம்பியைச் சக்கரத்தோடு இணைக்கும் பந்து மூட்டு) ஒன்று கையால் ஆட்டினாலே தொளதொள என்றது. வாங்கியதும் வண்டிக்குக் கீழே போவதற்கு முன்பே மேசையில் வைத்து ஆட்டிப் பாருங்கள்.

இனி அந்தப் பிடிப்பு. ஸ்டியரிங் சுற்றில் இரண்டு இடத்தில் இறுகினால் எல்லாரும் முதலில் ராக்கை (ஸ்டியரிங் சுழற்சியைப் பக்கவாட்டு நகர்வாக்கும் பற்சட்டம்) திட்டுவார்கள். திட்டுவதற்கு முன் ஒரு சோதனை. சக்கரங்களைத் தூக்கி, யுனிவர்சல் ஜாயின்ட்டை (ஸ்டியரிங் தண்டையும் ராக்கையும் சேர்க்கும் சிலுவை மூட்டு) கழற்றி, பினியனை (ராக்கை நகர்த்தும் பற்சக்கரத் தண்டு) மட்டும் கையால் சுற்றுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் ராக் குற்றமற்றது. பிறகு காலத்தை (column, ஸ்டியரிங் சக்கரத்திலிருந்து இறங்கும் தண்டு) மட்டும் சுற்றுங்கள். அதுவும் வழுக்கினால், இரண்டும் சேரும் இடத்தில்தான் கோளாறு. இங்கே அப்படித்தான் இருந்தது. தனித்தனியாக இரண்டும் பட்டுப்போல, சேர்த்தால் கரடு.

காரணம் எளிது. ராக் கிராஸ்மெம்பரில் உட்கார்ந்திருக்கிறது. கிராஸ்மெம்பரைச் சாய்த்தால் ராக்கும் சாயும், பினியன் முனை இடம் மாறும். 1 பாகைக்கு 100 மி.மீ. தூரத்தில் 1.75 மி.மீ. நகர்வு. காலம் உடம்போடு இருப்பது, அது நகராது. யுனிவர்சல் ஜாயின்ட் கோணத்தைத் தாங்கும். ஆனால் பினியனின் அச்சும் காலத்தின் அச்சும் ஜாயின்ட்டின் சிலுவை மையத்தில் ஒன்றையொன்று வெட்டவேண்டும். மையம் விலகினால் ஜாயின்ட் இரண்டு தண்டையும் பக்கவாட்டில் இழுக்கும். அந்த இழுப்பு பினியன் பேரிங்கிலும் கால புஷ்ஷிலும் போய் விழும். அப்படியே ஓட்டினால் கொஞ்ச நாளில் சிலுவையின் ஊசிகள் பள்ளம் விழுந்து, நேரான பாதையில்கூட ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வராது. காஸ்டர் குறைத்ததால்தான் நடுவுக்கு வரவில்லை என்று பலர் வெட்ஜைப் பழிப்பது இதனால்தான்.

நேர் பார்க்க இரண்டு கூம்பு வேண்டும், ஒன்று பினியனுக்கு, ஒன்று காலத்துக்கு. 25 மி.மீ. அலுமினியத் தண்டில் கடைந்தது. உள்துளை ஸ்ப்ளைனின் (தண்டு முனையில் நீளவாக்கில் உள்ள பற்கள்) வெளிவிட்டத்துக்கு இறுக்கமாக, பக்கத்தில் ஒரு சிறிய திருகு. இதில் பலர் தவறும் இடம் நீளம். ஜாயின்ட்டின் கிளாம்ப் போல்ட் துளை மையத்திலிருந்து சிலுவை மையம் வரை அளந்துகொள்ளுங்கள். தண்டில் அந்தப் போல்ட்டுக்கென வெட்டிய பள்ளத்திலிருந்து கூம்பு முனை அதே தூரத்தில் நிற்கவேண்டும். முனையும் முனையும் தொட்டுவிட்டது என்று திருப்தி அடைந்தால், தொட்ட இடம் சிலுவை மையமாக இராது. மாட்டினால் மறுபடி கரடு. முதல் முறை நடந்தது இதுவே.

கூம்பை மாட்டியதும் தண்டைச் சுற்றி முனையைப் பாருங்கள். முனை வட்டம் போட்டால் கூம்பு கோணலாகக் கடைந்தது, அல்லது தண்டே வளைந்தது. வட்டம் போடாமல் நின்ற இடத்தில் சுழன்றால்தான் அளவு எடுக்கலாம். மேலிருந்து ஒரு பார்வை, பக்கத்திலிருந்து ஒரு பார்வை, இரண்டும் வேண்டும். வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் ஆயில் ஃபில்டர் பக்கம் தலை நுழையாது. போனை உள்ளே விட்டுப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பதே வசதி.

படத்தில் தெரிந்தது: பினியன் முனை 4 மி.மீ. தாழ்ந்து, 5 மி.மீ. முன்னால் போயிருந்தது. பக்கவாட்டில் விலகல் இல்லை. அந்த 5 மி.மீ. ஆபத்தானது. ஜாயின்ட் தண்டில் முழுதாக ஏறாது, கிளாம்ப் போல்ட் பள்ளத்தின் ஓரத்தை உரசிக்கொண்டு நுழையும். சுத்தியலால் தட்டி நுழைத்தால் போல்ட்டின் மரை போய்விடும். போல்ட் விரலால் தள்ளியே உள்ளே போகவேண்டும்.

இரண்டாவது முறை, ராக்குக்கும் கிராஸ்மெம்பர் பிராக்கெட்டுக்கும் நடுவில் 3 மி.மீ. ஷிம் வைத்து ராக்கை உயர்த்திப் பார்த்தது. ஜாயின்ட் உடனே இளகியது. ஆனால் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ஜாக்கால் சக்கரத்தை 50 மி.மீ. ஏற்றி இறக்கியபோது, ரிம்மில் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) 1 மி.மீ.க்கு மேல் மாறியது, அதுவும் ஒரு சக்கரத்தில். மொத்த டோ-இன்னே 1.5 முதல் 2.3 மி.மீ.தான். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் வண்டி தானாகத் திரும்பும் என்று அர்த்தம். வெட்ஜின் அழகே, விஷ்போனும் ராக்கும் ஒரே கிராஸ்மெம்பரில் இருப்பதால் இரண்டும் சேர்ந்து சாய்கின்றன, பம்ப் ஸ்டியர் (சக்கரம் ஏறி இறங்கும்போது தானாகத் திரும்புவது) மாறுவதில்லை என்பதுதான். ராக்கின் கீழ் ஷிம் வைத்தால் அந்த நன்மை போயிற்று. தொழிற்சாலை வைத்த ஷிம் இருந்தால் அதைத் தொடாதீர்கள், புதிதாகவும் சேர்க்காதீர்கள். நகரவேண்டியது காலம்.

மூன்றாவது முறை செய்தது அதுவே. காலத்தின் மேல் பிடிப்பு, கீழ்ப் பிடிப்பு எல்லாப் போல்ட்டையும் முழுதாகத் தளர்த்தவேண்டும், அரைகுறையாக அல்ல. கீழ்ப் பிடிப்பின் துளைகளை வட்ட அரத்தால் நீளவாக்கில் 4 மி.மீ. அகட்டியது. மேல் பிடிப்பில் ஒரு வாஷர் கூட்டியது. காலத்தை 5 மி.மீ. கீழே இறக்கி, முனைகள் அரை மி.மீ.க்குள் வந்ததும் முதலில் கீழ், பிறகு மேல் என்று இறுக்கியது. ஒவ்வொரு போல்ட்டை இறுக்கியபின்னும் முனைகளைத் திரும்பப் பாருங்கள், கடைசிப் போல்ட்டில் 1 மி.மீ. ஓடியது. சக்கரங்கள் தூக்கிய நிலையில் ஸ்டியரிங் விளிம்பில் ஸ்பிரிங் தராசு மாட்டி இழுத்தால் சுற்று முழுக்க முள் ஒரே இடத்தில் நிற்கிறது.

அடுத்த திட்டம் மின்சார உதவி ஸ்டியரிங்கா என்று கேட்பவர்களுக்கு: காஸ்டர் 5-க்கு வந்தபின் இந்த வண்டிக்குத் தேவையே இல்லை என்பது இங்குள்ள முடிவு. பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் நேர்முனை வண்டி உடம்போடு இணைந்தது) உள்ள முதல் கால வண்டிகளில் அதை மாட்ட நினைப்பவர்கள் முதலில் எர்த்தை மாற்றவேண்டும். லூகாஸ் சி40 டைனமோ தருவது 22 ஆம்பியர், மோட்டார் இழுக்கும்போது அது போதாது, ஆல்டர்னேட்டரும் வேண்டும். அந்தச் செலவில் நல்ல டயர் நான்கு வாங்கலாம்.

இந்தக் கட்டத்தில் மீதி இருப்பது ராக் எண்ணெயும் டோவும். ராக்குக்கு 0.19 லிட்டர் இ.பி. 90 எண்ணெய், கிரீஸ் கூடாது. கிரீஸ் பல்லிலிருந்து ஓரத்துக்குத் தள்ளப்பட்டு அங்கேயே கிடக்கும். ஒரு கெய்ட்டரின் (ராக் முனையை மூடும் ரப்பர் உறை) கிளிப்பைத் தளர்த்தி ஊற்றி, மெதுவாக இருபுறமும் கடைசி வரை திருப்பினால் பரவும். அளவு மிஞ்சினால் கெய்ட்டர் வெடிக்கும். டோ பார்க்கும்போது இரண்டு டிராக் ராடிலும் வெளியே தெரியும் மரை சமமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ராக் நடுவில் நிற்காது, ஒரு பக்கம் திருப்பம் குறையும்.

வெட்ஜோடு சேர்ந்த ரப்பர் பேடுகள் அமுங்கும். 300 மைல் ஓடியபின் கிராஸ்மெம்பரின் நான்கு நட்டையும் திரும்ப இறுக்கி, ஜாயின்ட்டைக் கழற்றிக் கூம்பை ஒருமுறை மாட்டிப் பார்க்கவேண்டும். அதுவரை கீழ்ப் பிடிப்பின் போல்ட்டுகளுக்கு வண்ணக்கோடு போட்டு வைத்திருக்கிறது.