ஊர் சுற்றிய கிரைண்டர்

மாதவரம் பக்கம் ஒரு பார்சல் கிடங்கில் பில் போடுவது என் வேலை. கிடங்கின் பெயர் வேண்டாம். சம்பளம் அங்கிருந்துதான் வருகிறது. விடிந்ததும் விடியாததுமாக அங்கே சண்டை தொடங்கிவிடும். ஒரு பக்கம் லோடுமேன்கள், எதிர்ப்பக்கம் வண்டி ஓட்டுநர்கள். யார் வேலை கஷ்டம் என்பதுதான் என்றைக்கும் வழக்கு. பட்டிமன்றமாக இருந்தால் நடுவர் ஒரு தீர்ப்பைச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். இங்கே அந்த வசதியும் கிடையாது.

லோடுமேன்களுக்கு ஒரு மேஸ்திரி இருக்கிறார். தோளில் துண்டு, மூட்டை வந்தால் அதுவே சும்மாடு. "டிரைவர் உட்கார்ந்துகொண்டே சம்பாதிக்கிறான். நான் உட்கார்ந்தால் முதலாளி கேமராவில் பார்த்துவிட்டு போன் செய்கிறார்" என்பது அவர் கட்சி. அரிசி லாரி வந்துவிட்டால் பேச்சு ஜிஎஸ்டிக்குத் தாவும். 2022 ஜூலையில், 25 கிலோ வரையிலான அரிசிச் சிப்பத்துக்கு 5 சதவீத வரி வந்தது. ஆலைக்காரர்கள் பலர் சிப்பத்தை 26 கிலோவாக்கி வரியிலிருந்து தப்பித்துக்கொண்டார்கள். "அந்த ஒரு கிலோவை யார் தலையில் கட்டினார்கள்?" என்று கேட்டு, தன் உச்சந்தலையைத் தட்டிக் காட்டுவார். நிதி அமைச்சகம் வரைக்கும் கேட்கவேண்டிய கேள்வி. என் மேசையோடு நின்றுவிடுகிறது.

எதிர்க்கட்சித் தலைவர் ஒரு குட்டி யானை ஓட்டுநர். வயது முப்பதுக்குள். "அண்ணே, மூட்டை உங்களிடம் எதிர்த்துப் பேசுமா? என்னிடம் பேசுகிறவர்கள் மாடிக்கு மாடி இருக்கிறார்கள்" என்பார். கதவு எண் பழையதா புதியதா என்பதில் தொடங்கும் அவர் பட்டியல், வராத ஓடிபி, விடாத நாய், சில்லறை இல்லாத பெரியவர் என்று நீண்டு, மழை நாளின் கணேசபுரம் சுரங்கப்பாதையில் போய் முடியும். வியாசர்பாடிப் பக்கம் வண்டி ஓட்டியவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இருவரும் உண்மையில் மோதிக்கொள்வது வண்டிக்குள் அடுக்கும் விஷயத்தில். கடைசியில் இறக்கவேண்டியது உள்ளே, முதலில் இறக்கவேண்டியது கதவோரம்: இது ஓட்டுநரின் கணக்கு. கனமானது அடியில் முன்பக்கமாக, இலேசானது மேலே: இது மேஸ்திரியின் கணக்கு. இரண்டும் சரிதான். முதல் வீட்டுக்குப் போகும் பொருளே வண்டியில் மிகக் கனமானதாக இருக்கும் நாளில்தான் வினை.

அன்று வந்தது ஒரு வெட் கிரைண்டர். கோயம்புத்தூர் சரக்கு, சாய்த்து மாவு எடுக்கும் பெரிய ரகம். ஊத்துக்குளிக் கல்லின் கனம் அட்டைப்பெட்டிக்கு வெளியிலேயே தெரிந்தது. முதல் டெலிவரி அதுதான். மேஸ்திரி அதைத் தூக்கி ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், ஆக உள்ளே வைத்து, அதன் மேல் பிளாஸ்டிக் நாற்காலிகள், துணி மூட்டைகள், யாரோ வரவழைத்த கொசுவலைச் சட்டம் எல்லாவற்றையும் அடுக்கி, தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டார். ஓட்டுநர் அப்போது டீக்கடையில் இருந்தார்.

வியாசர்பாடியில் ஒரு சந்து. வண்டியில் இருந்த அத்தனையையும் தெருவில் இறக்கினால்தான் கிரைண்டரைத் தொட முடியும். இறக்கியிருக்கிறார். பின்னால் வந்த ஆட்டோ ஒலியெழுப்ப, பக்கத்து வீட்டுப் பாட்டி "நாற்காலி என்ன விலை?" என்று கேட்டிருக்கிறார். மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. கிரைண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு மேலே போய் மணியடித்தால் கதவு பூட்டியிருக்கிறது. போன் செய்தால், "நாங்கள் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணத்தில் இருக்கிறோம், நாளைக்குக் கொண்டுவாருங்கள்" என்று பதில்.

கொடுத்து முடித்த பார்சலுக்குத்தான் ஓட்டுநருக்குக் காசு. திரும்பி வந்ததற்கு ஒன்றும் கிடையாது. லோடுமேன்களின் கூலிக் கணக்கிலும் 'ரிட்டர்ன்' என்று ஒரு வரி கிடையாது. ஆகவே சாயங்காலம் கிரைண்டர் வண்டியிலேயே இருந்தது, இருவரும் வண்டிக்கு வெளியே இருந்தார்கள்.

"இறக்குங்கள் அண்ணே."

"ஏற்றினேன், கூலி வாங்கினேன். இறக்க யார் கொடுப்பார்கள், தம்பி?"

"நான் மூன்று மாடி ஏறி இறங்கியிருக்கிறேன்."

"லாரியிலிருந்து மேடைக்கு ஒரு தடவை, மேடையிலிருந்து வண்டிக்கு ஒரு தடவை. நான் எண்ணிச் சொல்லிக்காட்டினேனா?"

பேச்சு முற்றிச் சட்டத்துக்குப் போனது. சுமை தூக்குகிறவர்களுக்கு 1982-லேயே தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது என்று மேஸ்திரி சட்டைப்பையிலிருந்து நல வாரிய அட்டையை எடுத்து நீட்டினார். ஓரம் மடங்கி, வியர்வையில் ஊறி, அதில் இருக்கும் படம் அவர்தான் என்று அவர் சொன்னால்தான் தெரியும். ஓட்டுநரும் விடவில்லை. 2023-இல் கிக் தொழிலாளர்களுக்கும், அதாவது செயலி வழியாக டெலிவரி போன்ற வேலை பார்ப்பவர்களுக்கும், தனி வாரியம் வந்துவிட்டது என்றார். மேஸ்திரியின் முகம் மாறியது. "ஆமாம், அண்ணா நகரில் ஏசி போட்ட ஓய்வறையே கட்டிக் கொடுத்திருக்கிறார்களே! நாங்கள் முப்பது வருஷமாக மூட்டை மேல்தான் படுக்கிறோம்." "அண்ணா நகரில் ஓய்வெடுத்துவிட்டு நான் எப்போது கொளத்தூர் போவது?" என்றார் ஓட்டுநர். நியாயமான கேள்வி. ஆனால் கிரைண்டர் அசையவில்லை.

மறுநாள் காலை அதன் மேலேயே புதிய லோடு ஏறியது. அதற்கு மறுநாளும் அப்படியே. பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர் என்று அது பாட்டுக்கு ஊர் சுற்றியது. கல்யாண வீட்டுக்காரர்கள் இரண்டு நாள் விருந்து நீட்டித்துக்கொண்டார்கள் போலும். மற்ற ஓட்டுநர்கள், "உன் கிளீனர் எப்படி இருக்கிறான்?" என்று விசாரிக்கத் தொடங்கினார்கள்.

கடைசியில் கிரைண்டர் வாங்கிய அம்மாவே பொறுமையிழந்து மருமகனோடு ஆட்டோவில் கிடங்குக்கு வந்துவிட்டார். கிரைண்டர் வண்டியின் விளிம்பு வரை வந்தது. அதுவரை தள்ளியவர் ஓட்டுநர், அது தன் எல்லை என்றார். மேஸ்திரி ஆட்டோவுக்கு லோடு ஏற்றுவது வழக்கமில்லை என்றார். மருமகன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

"அப்படியென்றால் யார்தான் தூக்கி வைப்பது?" என்று ஆட்டோக்காரர் கேட்டார்.

இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். அத்தனை ஒற்றுமையை அந்தக் கிடங்கில் நான் கண்டதேயில்லை.

தூக்கினேன். "முதுகை வளைக்காதீர்கள் சார், முழங்காலை மடக்குங்கள்!" என்று மேஸ்திரி ஒரு பக்கம் கத்தினார். "இதோடு மூன்று மாடி ஏறவேண்டும் என்று நினைத்துக்கொள்ளுங்கள் சார்!" என்று ஓட்டுநர் மறுபக்கம். எப்படியோ கிரைண்டர் ஆட்டோவில் உட்கார்ந்தது. நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா இரக்கப்பட்டுப் பர்சைத் திறந்து ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினார்.

"கொடுக்காதீர்கள் அம்மா," என்றார் மேஸ்திரி. "அவரிடம் வாரிய அட்டை கிடையாது."