கடனுக்கு மட்டும்

வருமான வரிப் படிவத்தை நிரப்ப உட்காரும்போதெல்லாம் எனக்கு ஒரு ஆசை வரும். கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்குச் சற்று மேலே ஒரு சின்னக் கட்டம் இருக்க வேண்டும். ‘நான் கட்டும் வரியில் நூற்றுக்குப் பத்தை நாட்டின் கடனை அடைக்க மட்டும் எடுத்துக்கொள்ளவும்.’ அதில் ஒரு டிக். கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் நான். அடைபடாத கடன் எங்கே கிடந்தாலும் கை துறுதுறுக்கும்.

இந்த ஆசை எனக்கு மட்டும் வந்ததில்லை. 1992 ஆகஸ்டில், ஹூஸ்டனில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டில், அன்றைய அமெரிக்க அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் இதையேதான் சொன்னார். வரி கட்டுகிறவர் விரும்பினால் தன் வரியில் 10 சதவீதம் வரை கடன் குறைப்புக்கென்று ஒதுக்கச் சொல்லலாம் என்றார். நவம்பரில் அவர் தோற்றார். கட்டமும் அவரோடு போயிற்று.

நடைமுறையில் முடியாத காரியம் என்று தள்ளிவிடவும் முடியாது. இத்தாலியில் வருமான வரியில் ஆயிரத்துக்கு எட்டுப் பங்கு அரசுக்கா, ஏதாவது ஒரு மத அமைப்புக்கா என்று வரி கட்டுகிறவரே குறிக்கலாம். அமெரிக்கப் படிவத்திலேயே அதிபர் தேர்தல் நிதிக்கு 3 டாலர் ஒதுக்க ஒரு கட்டம் உண்டு. டிக் செய்தால் வரி கூடாது, குறையவும் செய்யாது. அப்படியும் இப்போது நூற்றுக்கு ஐந்து பேர்கூட அதைத் தொடுவதில்லை.

என் ஆசையில் ஓட்டை விழுந்தது வேறு இடத்தில். எங்கள் வீட்டில்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்பாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புவேன். “இது கடனுக்கு மட்டும்ப்பா, வேற எதுக்கும் எடுக்காதீங்க” என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். அப்பா சொன்ன சொல் மாறாதவர். என் பணம் அப்படியே வங்கிக் கடனுக்குப் போனது. இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போனபோது கடன் பாக்கியைப் பார்த்தேன். நன்றாகவே இறங்கியிருந்தது. பெருமையாக இருந்தது. அன்று ராத்திரி தம்பி இன்னொரு நோட்டை எடுத்து வந்து நீட்டினான். அதில் முழுக்கக் கைமாற்று. இவரிடம் கொஞ்சம், அவரிடம் கொஞ்சம். முன்பு அப்பா தன் சம்பளத்தில் கட்டிவந்த தவணையை நான் ஏற்றுக்கொண்டதும், அந்தச் சம்பளம் வீட்டுச் செலவில் கரைந்திருக்கிறது. அதுவும் போதாமல் வெளியே வாங்கியிருக்கிறார். இரண்டு நோட்டையும் சேர்த்துக் கூட்டினேன். நான் பணம் அனுப்ப ஆரம்பித்த மாதம் இருந்த தொகையைவிடக் கூடுதலாகவே வந்தது.

அப்பா பொய் சொல்லவில்லை. பணத்துக்கு நான் ஒட்டிய சீட்டு ஏமாற்றிவிட்டது.

அரசாங்கக் கஜானாவிலும் நடப்பது இதுதான். என் பத்துப் பங்கு பழைய கடன் பத்திரத்தை அடைக்கும். அந்தப் பத்துப் பங்கு இல்லாத பள்ளத்தை நிரப்ப அரசு புதுப் பத்திரம் விற்கும். வரவைவிடச் செலவு கூடுதலாக இருக்கிறவரைக்கும் மொத்தக் கடன் குறையாது. புஷ் இதை அறியாதவர் அல்ல. மக்கள் ஒதுக்கும் அளவுக்குச் செலவும் வெட்டப்பட வேண்டும் என்பது அவர் யோசனையின் இன்னொரு பாதி. அந்தப் பாதியைச் சேர்த்துப் படித்தால், என் கட்டம் செலவை வெட்டுவதற்கான வாக்குச்சீட்டாக மாறிவிடுகிறது. அதுவும் ஆளுக்கு ஒரு வாக்கு இல்லை, வரிக்குத் தகுந்த வாக்கு. கோடீஸ்வரரின் டிக் என்னுடையதைப் போல ஆயிரம் மடங்கு. வருமான வரி வரம்புக்குக் கீழே இருந்துகொண்டு, வாங்குகிற பொருளுக்கெல்லாம் வரி கட்டுகிறவருக்குக் கட்டமே கிடையாது. வெட்டு அவர் போகிற ஆஸ்பத்திரியில் விழலாம். இது எனக்கு உறுத்துகிறது.

சரி, வரியை விடு, அதற்கு மேல் நன்கொடையாகவே கொடுத்தால்? அதற்கும் வழி உண்டு. 1961 முதல் அமெரிக்கக் கருவூலம் கடனைக் குறைக்க நன்கொடை வாங்குகிறது. பெரும்பாலும் வருடத்துக்குச் சில மில்லியன் டாலர் சேரும். 2024 நிதியாண்டில் அந்த நாடு கட்டிய நிகர வட்டி சுமார் 880 பில்லியன் டாலர். வகுத்துப் பார்த்தேன், தொழில் புத்தி. நிமிடத்துக்கு ஒன்றரை மில்லியனுக்கு மேல்.

பிரிட்டன்காரர்கள் இன்னும் உருக்கமானவர்கள். 1919இல் டைம்ஸ் பத்திரிகைக்கு ஒருவர் பெயர் போடாமல் கடிதம் எழுதினார். பணக்காரர்கள் தாங்களாகவே தங்கள்மீது வரி போட்டுக்கொள்ள வேண்டும், நான் என் சொத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு அரசின் போர்க்கடன் பத்திரம் வாங்கி, அரசிடமே ரத்து செய்யக் கொடுக்கிறேன் என்று. எழுதியவர் ஸ்டான்லி பால்ட்வின், பிற்பாடு பிரதமரானவர். பின்தொடர்ந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். 1928இல் இன்னொருவர், இவரும் பெயர் சொல்லாமல், 5 லட்சம் பவுண்டில் ஒரு நிதி தொடங்கினார். நாட்டின் கடன் முழுவதையும் அடைக்கிற அளவுக்கு வளரும்வரை தொடக்கூடாது என்று நிபந்தனை. நிதி வளர்ந்தது. கடன் அதைவிட வேகமாக வளர்ந்தது. எடுக்கவும் முடியாமல் கொடுக்கவும் முடியாமல் தொண்ணூறு வருடத்துக்கு மேல் கிடந்து, வழக்காகி, 2022இல்தான் கடனுக்குப் போக வழி பிறந்தது. அப்போது சுமார் 60 கோடி பவுண்ட். கடனில் பத்தாயிரத்துக்கு மூன்று பங்குகூட இல்லை.

இத்தனையும் தெரிந்த பிறகும் அந்தக் கட்டம் வந்தால் டிக் செய்வேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதற்குக் கீழேயே இன்னொரு வரி அச்சடித்திருக்க வேண்டும்: ‘இந்தத் தொகைக்கு எந்தச் செலவைக் குறைக்கலாம்?’

போன வாரம் பழைய படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் நானே அந்த வரியை எழுதிவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பள்ளிக்கூடம் என்று எழுதி அடித்தேன். ஆஸ்பத்திரியை எழுதவே இல்லை. சாலை என்று எழுதி, இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு அதையும் அடித்தேன். தம்பி எட்டிப் பார்த்தான்.

“வட்டின்னு எழுதுக்கா” என்றான்.