காவடிப்புழு தின்ற ஆமணக்கு இலையை அளத்தல்

கல்லூரி நாட்களில் இலையின் பரப்பளவைக் கிராஃப் தாளில் அளந்தவன் நான். இலையைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, முழுக் கட்டங்களை எண்ணி, பாதிக்கு மேல் நிறைந்தவற்றை ஒன்றாகக் கொண்டு, மற்றவற்றைத் தள்ளிவிடுவோம். ஒரே இலையை இருவர் எண்ணினால் விடை இரண்டாக இருக்கும். இன்று அந்த வேலைக்கு வீட்டு ஸ்கேனரும், அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் வேன் ராஸ்பேண்ட் உருவாக்கிய இமேஜ்ஜே என்னும் இலவச மென்பொருளும் எனக்குப் போதுமானவையாக இருக்கின்றன.

300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்தால் ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 118 பிக்சல்கள், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 13,950 பிக்சல்கள் கிடைக்கின்றன. கைபேசியில் படமெடுப்போர் அளவுகோலை இலையின் மட்டத்திலேயே வைக்க வேண்டும். நீளக் கணக்கில் 2 விழுக்காடு பிசகினால் பரப்பளவில் அது 4 விழுக்காடாகிவிடும். 5 செ.மீ. பக்கமுள்ள கறுப்புத் தாள் சதுரம் ஒன்றை இலையோடு சேர்த்து வைத்து, அது 25 என்று வருகிறதா என்று பார்த்த பின்னரே மற்ற எண்களை நம்புவது என் வழக்கம்.

வெள்ளைப் பின்னணியிலிருந்து இலையைப் பிரிக்க, படத்தின் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறக் கூறுகளில் நீலத்தை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. பச்சை இலையும் பழுத்த மஞ்சள் இலையும் நீல ஒளியை உறிஞ்சுவதால் இரண்டுமே அதில் கருமையாகத் தெரியும்.

வடிவத்தைச் சொல்ல வட்டத்தன்மை என்றோர் எண் உண்டு: பரப்பளவை 4π ஆல் பெருக்கிச் சுற்றளவின் வர்க்கத்தால் வகுப்பது. வட்டத்திற்கு அது 1, சதுரத்திற்கு 0.785. ஆனால் வேப்பிலையின் விளிம்புப் பற்களும் ஆமணக்கின் ஆழ்ந்த மடல்களும் அதை ஒருசேரக் குறைத்துவிடுவதால், எதனால் குறைந்தது என்பது விளங்காது. இலையைச் சுற்றி நூலை இழுத்துக் கட்டியதுபோன்ற குவிந்த எல்லைக்குள் இலை எவ்வளவு இடத்தை நிரப்புகிறது என்ற விகிதத்தையும் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். பற்கள் அவ்விகிதத்தை அதிகம் அசைப்பதில்லை, மடல்களோ வெகுவாகக் குறைத்துவிடுகின்றன. சுற்றளவை நான் அவ்வளவாக நம்புவதில்லை. 600 டிபிஐயில் எடுத்தால் அதே வேப்பிலையின் சுற்றளவு கூடிவிடுகிறது. பரப்பளவோ ஏறக்குறைய அப்படியே நிற்கிறது.

எனக்கு மிகவும் பயன்பட்டது, இலையிலுள்ள துளைகளையும் பரப்பளவில் சேர்த்துக்கொள்ளும் இமேஜ்ஜேயின் விருப்பத்தேர்வுதான். அதைச் சேர்த்தும் சேர்க்காமலும் இருமுறை அளந்து கழித்தால், காவடிப்புழு ஆமணக்கு இலையின் நடுவே தின்ற பரப்பு சதுர மில்லிமீட்டரில் வந்துவிடும். வளர்ந்த புழுக்கள் விளிம்பிலிருந்து தின்னத் தொடங்கும்போதுதான் இந்த உத்தி பயன்படாமல் போகிறது, ஏனெனில் திறந்த பள்ளத்தை மென்பொருள் துளையாகக் கருதுவதில்லை. அத்தகைய இலைகளுக்கு எதிர்ப்புற மடலைப் பார்த்து, விடுபட்ட விளிம்பைத் திரையில் நானே கோடிழுத்து மூடுகிறேன்; அந்தக் கோட்டை வேறொருவர் இழுத்தால், கிராஃப் தாளில் நேர்ந்ததுபோலவே விடை வேறாகத்தான் வரும்.