வெள்ளை ஈ முட்டையிட எந்த இலையைத் தேடும்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீடுகளின் பின்கட்டில் கத்தரி, மிளகாய், வெண்டை எல்லாம் அடுத்தடுத்து நின்றால், புகையிலை வெள்ளை ஈ பெரும்பாலும் கத்தரியைத்தான் முதலில் பிடிக்கும்.

தூரத்திலிருந்து அதை இழுப்பது மஞ்சள் கலந்த இளம்பச்சை நிறம். பசை தடவிய மஞ்சள் அட்டையில் அது மாட்டுவதும் இதனால்தான். இறங்கிய பிறகுதான் ஊசிவாயைக் குத்திச் சாறு பார்க்கும், பிடிக்காவிட்டால் பறந்துவிடும். கத்தரி இலை அடியிலுள்ள மென்ரோமம் அதற்கு நல்ல மறைவு. ஆனால் ரோமம் என்றாலே ஈ வரும் என்றில்லை. சில காட்டுத் தக்காளி இனங்களின் ரோமம் பிசின் சுரந்து ஈயையே ஒட்டவைத்துவிடும்.

முட்டை 0.2 மி.மீ. நீளம்தான். அதன் அடியில் ஒரு சின்னக் காம்பு உண்டு. தாய் ஈ அதை இலையின் அடிப்பக்கத்துக்குள் செருகிவிடும். முட்டை அதன் வழியாக இலையின் ஈரத்தை உறிஞ்சும். இலை காய்ந்தால் முட்டையும் காயும். பொரித்த குஞ்சு கொஞ்ச தூரம் ஊர்ந்து ஓரிடத்தில் வாயைக் குத்தி உட்கார்ந்தால், இறக்கை முளைக்கும்வரை அங்கேதான். நம் வெக்கைக்கு முட்டையிலிருந்து ஈயாக ஏறக்குறைய 3 வாரம். அதுவரை பசுமை மாறாமல் நிற்பது கொழுந்துப் பக்கத்து இளம் இலை. யூரியாவை அள்ளிப் போட்டால் அப்படிப்பட்ட இலை இன்னும் பெருகும்.

ஆகவே செடியை மேலிருந்து கீழாகப் பாருங்கள். காலையில், ஈ மந்தமாக இருக்கும்போது, இலையை மெல்லத் திருப்பி 10 மடங்கு லென்ஸில் பார்க்கவேண்டும். உச்சியில் ஈயும் வெளிறிய முட்டையும். சற்றுக் கீழே பழுப்பேறிய முட்டை, பொரிக்கப்போவது. அதற்கும் கீழே செதில் மாதிரி தட்டையான குஞ்சுகள். அடி இலைகளில் வெற்றுக்கூடு. கூட்டில் ‘T’ வடிவப் பிளவு இருந்தால் ஈ வெளியேறிவிட்டது. வட்ட ஓட்டை என்றால், குஞ்சைத் தின்று வளரும் ஒட்டுண்ணிக் குளவி வேலை செய்திருக்கிறது. குளவி தெரிகிற இலையைக் கிள்ளாதீர்கள்.

சோப்புக் கரைசல் (லிட்டருக்கு 5 மி.லி.) மேலே பட்ட பூச்சியைத்தான் கொல்லும், முட்டையை அவ்வளவாகத் தொடாது. அதனால் 5 முதல் 7 நாள் இடைவெளியில் 3 தடவை, சாயங்காலம் அடிக்கவேண்டும். முதலில் இரண்டு இலையில் சோதித்துப் பாருங்கள், கருகக்கூடும். மேலிருந்து தெளிப்பது வீண். முனையை மேல்நோக்கித் திருப்பி இலையின் அடியை நனைக்கவேண்டும்.

மிளகாய்க்குக் காவலாகக் கத்தரி நடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. கத்தரியில் குஞ்சுகளை அழிக்காவிட்டால் அதுவே ஈப் பண்ணை. மிளகாயில் முட்டை குறைவாக இருந்தாலும், வைரஸ் சுமந்த சில ஈக்கள் வந்து சாறு உறிஞ்சினாலே போதும், இலை மஞ்சளாகிச் சுருண்டுவிடும். அந்தச் செடிக்கு மருந்தில்லை. கண்டவுடன் பிடுங்கி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.