மதகடி நீர்மட்டக் கருவி: ரேடியோ மொடியூலை மாற்றிப் பார்த்தது

எங்கள் வயல் படுவான்கரையில், வவுணதீவுப் பக்கம். வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதை மதகடியில் பூட்டிய மீயொலி உணரி அளந்து, அரைக் கிலோமீற்றர் தள்ளியிருக்கும் மாமா வீட்டுக்கு ரேடியோவில் அனுப்ப வேண்டும். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வரும் நாட்களில் இரவில் டோர்ச் பிடித்துக்கொண்டு வரம்பில் நடப்பது ஆபத்து. யானை நடமாடும் இடம். அதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

முதலில் பூட்டியிருந்தது சாதாரண என்ஆர்எஃப்24எல்01+ என்ற சிறு 2.4 கிகாஹேர்ட்ஸ் ரேடியோ மொடியூல், அன்ரெனா பலகையிலேயே அச்சிடப்பட்ட வகை. அதன் உச்ச வலு 0 டிபிஎம், அதாவது 1 மில்லிவாட். வேகத்தை 250 கிலோபிட்டுக்கு இறக்கியும் பாதி வழிக்கு மேல் செய்தி விட்டுவிட்டுத்தான் வந்தது. அதனால் வலுப்பெருக்கியும் வெளி அன்ரெனாவும் உள்ள வகைக்கு மாறினேன். அது ஏறத்தாழ 20 டிபிஎம், 100 மில்லிவாட். எட்டுக் கால்களும் அதே ஒழுங்கு, நிரலிலும் (code) மாற்றம் தேவையில்லை. கழற்றிச் செருகினால் போதும்.

ஆனால் மின்சாரம் வேறு கதை. பழையது அனுப்பும்போது 11 மில்லிஅம்பியர் அளவில்தான் குடிக்கும்; புதியது 100க்கு மேல் கேட்கும். மாமா வீட்டில் செய்தியை வாங்கும் ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகையின் 3.3 வோல்ற் காலிலிருந்து 50 மில்லிஅம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது. அங்கே ஏஎம்எஸ்1117 என்ற றெகுலேற்றர் (வோல்றைச் சீராக்கித் தரும் சில்) உள்ள சிறு தாங்கிப் பலகையை 5 வோல்றில் கொடுத்தேன், சரியாகிவிட்டது. வயலில் அது உதவாது. அந்த றெகுலேற்றருக்கு உள்ளே வரும் வோல்ற் வெளியே வருவதைவிட ஒரு வோல்றுக்கு மேல் கூடுதலாக இருக்க வேண்டும். வயலில் இருக்கும் 18650 லிதியம் பற்றரி நிரம்பியிருந்தாலே 4.2 தான். கருவி தூங்கும் நேரத்திலும் அந்த றெகுலேற்றர் சில மில்லிஅம்பியரைத் தின்றுகொண்டிருக்கும். ஆகவே வயலுக்கு எம்சிபி1700 என்ற வேறு றெகுலேற்றரைப் போட்டேன். 250 மில்லிஅம்பியர் தரும், சும்மா இருக்கும்போது இரண்டு மைக்ரோஅம்பியர்கூட எடுக்காது. மொடியூலின் கால்களிலேயே ஒரு 100 மைக்ரோபாரட் கப்பாசிற்றரையும் ஒட்டினேன். இதை விடவே கூடாது. அனுப்பத் தொடங்கும் நொடியில் வோல்ற் சரிந்தால் மொடியூல் குழம்பிவிடும், நாம் அன்ரெனாவைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

மேசையில் இரண்டையும் பக்கத்தில் வைத்து உச்ச வலுவில் சோதிக்க வேண்டாம், வாங்கும் பக்கம் திணறும். மிகக் குறைந்த வலுவில் வைத்துப் பாருங்கள். பெருக்கி 20 டெசிபெலுக்கு மேல் கூட்டுவதால், நிரலில் கீழிருந்து இரண்டாம் படியான −12 டிபிஎம் வைத்தாலே பழைய மொடியூலின் உச்சத்தைத் தாண்டிவிடும். அப்புறம், இரு முனைகளையும் மாற்றுவதுதான் நல்லது. "கிடைத்தது" என்ற பதில் வீட்டிலிருந்து திரும்பி வர வேண்டும் அல்லவா? ஒரு பக்கம் மட்டும் கத்தினால் பதில் வந்து சேராது, அனுப்புகிறவன் திரும்பத் திரும்ப அனுப்பிப் பற்றரியைக் கரைப்பான்.

அலைவரிசை விஷயத்திலும் ஒன்று. இணையத்தில் பலர் அலைவரிசை எண் 108ஐ வைக்கச் சொல்கிறார்கள், வைஃபை இல்லாத இடம் என்று. அது 2508 மெகாஹேர்ட்ஸ். பெரும்பாலான நாடுகளில் இப்படியான சிறு கருவிகளுக்கு விட்டிருப்பது 2483.5 வரைதான். 1 மில்லிவாட்டில் யாருக்கும் தெரியாமல் போகலாம், 100 மில்லிவாட்டில் அது நியாயமில்லை. நான் 80இல், அதாவது 2480இல் நிற்கிறேன்.

வலுவைப் போலவே உயரமும் கை கொடுத்தது. 2.4 கிகாஹேர்ட்ஸில் அரைக் கிலோமீற்றருக்கு நடுவழியில், நேர்கோட்டைச் சுற்றி ஏறத்தாழ 4 மீற்றர் ஆரத்துக்குத் தடையில்லாத வெளி வேண்டும். மதகடியில் கம்பம் நட்டு அன்ரெனாவை உயர்த்தினேன், மாமா வீட்டில் கூரைக்கு மேலே. இரண்டும் செங்குத்தாக. அதன் பிறகு பதில் தவறுவது அரிதாகிவிட்டது. உச்சத்திலிருந்து ஒரு படி குறைத்தும் இணைப்பு நிற்கிறது.

இப்போது பயிர் முழங்காலளவு. கதிர் தண்டுக்குள் திரளும் குடலைப் பருவத்தில் ஈர இலை இன்னும் உயர்ந்து நிற்கும்போது அந்தப் படி போதுமா என்று பார்த்து, பற்றரி அளவுகளோடு எழுதுகிறேன்.