அந்த ‘டிக்’ சத்தம் எங்கிருந்து வருகிறது? ஏடாட் டேப்புகளைக் கணினிக்கு மாற்றிய அனுபவம்

சென்னையில் தொண்ணூறுகளில் இயங்கி, பிறகு மூடப்பட்ட ஒரு சிறிய ஸ்டுடியோவின் பக்திப் பாடல் டேப்புகள் என் கைக்கு வந்தன. எல்லாம் எஸ்-விஎச்எஸ் என்ற வீடியோ கேசட்டுகள். 1992இல் சந்தைக்கு வந்த ஏடாட் என்ற டிஜிட்டல் டேப் மெஷினில் பதிவானவை. ஒரு டேப்பில் 8 ட்ராக், 120 நிமிட கேசட்டில் சுமார் 40 நிமிடப் பதிவு. பாடியவர்களில் சிலர் இன்று இல்லை. குரல் தனியாக, வயலின் தனியாக, தபேலா தனியாக இந்த டேப்புகளில்தான் இருக்கிறது. இதைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

ஒரு பாட்டுக்கு மூன்று டேப், மொத்தம் 24 ட்ராக். ஓடும் நிலையில் என்னிடம் இருந்தவை இரண்டு மெஷின்கள்தான். முதல் இரண்டு டேப்பை ஒரு முறையும், மூன்றாவதை இன்னொரு முறையும் ஓட்டி, இரண்டையும் கணினியில் ஒரு சாம்பிள்கூட (ஒலியை விநாடிக்குப் பல்லாயிரம் முறை அளக்கும் அளவுகளில் ஒன்று) பிசகாமல் சேர்க்க வேண்டும். ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோக இன்று கடையில் கிடைக்கும் யுஎஸ்பி இன்டர்ஃபேஸ்கள் பலவற்றில் ஏடாட் ஆப்டிகல் இன்புட் இருக்கும், ஆனால் டேப் எந்த இடத்தில் ஓடுகிறது என்று சொல்லும் 9 பின் சிங்க் இன்புட் இருக்காது. அதனால்தான் ஆர்எம்இ டிஜி9652 என்ற, கணினிக்குள் செருகும் பழைய பிசிஐ ஆடியோ கார்டையும், அது பொருந்தும் விண்டோஸ் 98 கணினி ஒன்றையும் தேடிப் பிடித்தேன்.

இணைப்பு எளிது. இரண்டு மெஷின்களிலிருந்தும் ஆப்டிகல் கேபிள் கார்டுக்கு. முதல் மெஷினின் சிங்க் அவுட் இரண்டாவதின் சிங்க் இன்னுக்கு, அங்கிருந்து கார்டுக்கு. ஓட்டினேன். பாட்டு வந்தது, கூடவே ‘டிக்’ சத்தமும் வந்தது.

இந்த இடத்தில் பொறுமையாகக் கேட்க வேண்டும். உடனே கேபிளை மாற்றி, டிரைவரை மாற்றி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொட்டால் எது குணமாக்கியது என்று தெரியாமல் போய்விடும். நான் ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்து, சத்தம் விழும் இடங்களைக் குறித்து வைத்தேன். மூன்று வகை தெரிந்தது. டேப்பில் தேய்மானமோ பூஞ்சையோ இருந்தால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் விழும். கிளாக் (சாம்பிள்களுக்குத் தாளம் போடும் கடிகாரம்) பிரச்சினை என்றால் ஏறக்குறைய சம இடைவெளியில் விழும். கணினிக்குள் கார்டுகள் மோதிக்கொண்டால் ஒழுங்கே இருக்காது: மவுஸை நகர்த்தினால், திரையில் விண்டோ திறந்தால், அப்போது விழும். என் பதிவில் பின்னிரண்டும் கலந்திருந்தன.

முதலில் கார்டு மோதல். டிவைஸ் மேனேஜரில் பார்த்தால் ஆடியோ கார்டு, கிராஃபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு மூன்றும் ஐஆர்க்யூ 11இல் (கார்டு கணினியின் கவனத்தைக் கூப்பிடும் இன்டரப்ட் எண்) உட்கார்ந்திருந்தன. பிசிஐ விதிப்படி பகிர்வது குற்றமில்லை. ஆனால் ஒலியைத் தற்காலிகமாகத் தேக்கும் பஃபர் 256 சாம்பிள் என்றால் 48 கிலோஹெர்ட்ஸில் சுமார் 5.3 மில்லி விநாடிதான் அவகாசம். பக்கத்து கார்டின் டிரைவர் அதற்குள் வழிவிடாவிட்டால் ஒலி அறுந்துவிடும். அந்தக் காலத்துப் பல மதர்போர்டுகளில் கிராஃபிக்ஸ் கார்டுக்கான ஏஜிபி ஸ்லாட்டும் அதை ஒட்டிய முதல் பிசிஐ ஸ்லாட்டும் ஒரே இன்டரப்ட் கம்பியில் இருக்கும். மதர்போர்டு கையேட்டின் பின்பக்கத்தில் எந்த ஸ்லாட் எதோடு பகிர்கிறது என்று அட்டவணை போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து ஆடியோ கார்டை யாரோடும் பகிராத ஸ்லாட்டுக்கு மாற்றினேன். நெட்வொர்க் கார்டைக் கழற்றிவிட்டேன். கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் சீரியல், பேரலல் போர்ட்டுகளை அணைத்தேன், ஐஆர்க்யூ 3, 4, 7 விடுபட்டன. கடைசியாக, பழைய ஒதுக்கீட்டை அழித்துப் புதிதாக எழுத வைக்கும் ‘ரீசெட் கான்ஃபிகரேஷன் டேட்டா’வை ஒரு முறை இயக்க வேண்டும். இது இல்லாமல் ஸ்லாட்டை மாற்றியும் பழைய எண்ணே வந்து நிற்கலாம். ஹார்டு டிஸ்க்கின் டிஎம்ஏ (பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் தரவை நகர்த்தும் வசதி) கட்டத்தில் சரி அடையாளம் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், விண்டோஸ் 98 அதைத் தானாகப் போடாமல் விட்டிருக்கலாம்.

ஒழுங்கற்ற சத்தம் நின்றது. சீரான சத்தம் மட்டும் மிஞ்சியது.

டேப் மெஷினில் கிளாக்கை ஓட்டும் ஒரு கிரிஸ்டல், கார்டில் ஒரு கிரிஸ்டல். இரண்டும் 48,000 என்று சொன்னாலும் பத்து லட்சத்துக்குப் பத்து வித்தியாசம் இருந்தால் போதும், இரண்டு விநாடிக்கு ஒரு சாம்பிள் கூடும் அல்லது குறையும். இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தாளம் போடுவது போலத்தான். அமைப்பில் ஒரே ஒரு கிளாக்தான் தலைமை தாங்க வேண்டும். டேப் ஓடும்போது அது டேப் மெஷினாக இருப்பதே நல்லது. கார்டு நிறுவியபடியே ‘மாஸ்டர்’ நிலையில் இருந்தது. அதை ‘ஆட்டோசிங்க்’ ஆக்கி, முதல் ஏடாட் இன்புட்டை ஆதாரமாகக் காட்டினேன்.

இந்தக் கார்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், ‘லாக்’ வேறு ‘சிங்க்’ வேறு என்று திரையில் பிரித்துக் காட்டுவது. லாக் என்றால் சிக்னல் சரியாக வருகிறது என்று மட்டுமே பொருள். சிங்க் என்றால்தான் கிளாக் ஒன்றாக ஓடுகிறது. முதல் இன்புட் சிங்க் காட்டியது, இரண்டாவது லாக்கோடு நின்றது. இரண்டாவது மெஷினின் ப்ளே விளக்கும் அவ்வப்போது மினுங்கியது, அதாவது அது முதல் மெஷினைப் பிடிக்கத் திணறுகிறது. 9 பின் சாக்கெட்டைப் பார்த்தால் பின்கள் கறுத்திருந்தன. கடற்காற்றின் வேலை. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் விட்டுத் துடைத்து, வேறு கேபிள் போட்டதும் இரண்டு இன்புட்டும் சிங்க் காட்டின. கார்டிலிருந்து மெஷினுக்குத் திரும்பிப் போகும் ஆப்டிகல் கேபிளையும் உருவிவிட்டேன், கிளாக் சுற்றிச் சுற்றி ஓட இடம் இருக்கக்கூடாது.

சில டேப் உறைகளில் ‘44.1’ (கிலோஹெர்ட்ஸ்) என்று எழுதியிருந்தது. கறுப்பு நிற முதல் தலைமுறை ஏடாட் 48இல்தான் ஓடும், பிட்ச்சை மைனஸ் 147 சென்ட்டுக்கு (நூறு சென்ட் அரைக் கட்டை) இறக்கித்தான் 44.1 எடுப்பார்கள். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரையையும் தாண்டி இரண்டை நெருங்கிவிடுவார்.

அப்புறம் சோதனை. இரண்டாவது சுற்றில் மூன்றாவது டேப்போடு முதல் டேப்பையும் மறுபடி ஓட்டிப் பதிவு செய்தேன். இரண்டு சுற்றிலும் வந்த முதல் டேப் ட்ராக்குகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்து, ஒன்றின் பேஸை, அதாவது ஒலி அலையின் ஏற்ற இறக்கத்தை, தலைகீழாக்கினால் முழு மௌனம் வர வேண்டும். வந்தது. மூன்றாவது டேப்பும் சரியான இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்பதற்கு இதைவிட நம்பகமான சாட்சி எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் இதைச் செய்கிறேன். மௌனம் கலைந்தால் அந்தச் சுற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஓட்டுகிறேன்.

24 ட்ராக், 40 நிமிடம், 16 பிட் என்றால் சுமார் 5.5 ஜிபி வருகிறது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி நகல் எடுக்கிறேன். நெட்வொர்க் கார்டை மறுபடி செருகும் எண்ணம் இல்லை.